பேட்டரி இல்லாமல் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஓட்டுவது எப்படி: முழு விவரம்

பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் கொடுத்ததிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது, லித்தியம் பேட்டரியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஹைப்ரிட்டை (சோலார், ஈபி, பேட்டரி மூன்றையும் கையாளும் இன்வெர்ட்டர்) வெறுமனே ஓட்ட முடியுமா? முடியும். எங்கள் வீடு தென்காசிப் பக்கம். 540 வாட் பேனல் 8, 5 கிலோவாட் இன்வெர்ட்டர், பேட்டரி முனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி. இரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆனால் கடையில் "ஓடும் சார்" என்று சொன்ன ஒரே வார்த்தைக்குள் நாலைந்து நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. மாசியில் மாட்டினோம். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, "பேட்டரியே வேண்டாம் போல" என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுவதற்குள் வீட்டு விளக்கெல்லாம் மூன்று தடவை அணைந்து எரிந்தது. ஈபி கரண்ட் இருந்தபோதே.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மேகம் வந்து குறைகிற கரண்டை அந்த நொடியில் யார் ஈடுகட்டுவது? பேட்டரி இல்லாத வீட்டில் மெஷின் வாங்குவது, வயரிங், செட்டிங், எந்த நேரத்தில் எதைப் போடுவது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

பேட்டரி அங்கே என்னதான் செய்கிறது

பேனல் வெயிலுக்கு ஏற்றபடி தரும், வீடு தன் தேவைக்கு ஏற்றபடி இழுக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. மிக்ஸியைப் போட்டால் ஒரே நொடியில் 700 வாட் கூடுகிறது, நிறுத்தினால் உடனே இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எங்காவது வாங்கி வைத்துத் தர வேண்டும், அதுதான் பேட்டரியின் முதல் வேலை. ராத்திரிக்குச் சேமிப்பதெல்லாம் அப்புறம்தான்.

இன்வெர்ட்டருக்குள் கெபாசிட்டர் இருக்கிறதே, அது தாங்காதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 வோல்ட்டில் 1500 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று வைத்தால் அதில் இருப்பது 120 ஜூல். மேகத்தால் 1 கிலோவாட் குறைந்தால் அந்த 120 ஜூல் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். அதுவரைகூடப் போகாது, வோல்ட்டேஜ் பாதி இறங்குவதற்கு முன்பே இன்வெர்ட்டர் கையை விரித்துவிடும்.

வயலில் சோலார் மோட்டார் பேட்டரியே இல்லாமல் ஓடுகிறதே என்று ஒரு மாமா என்னிடம் மடக்கினார். நல்ல கேள்வி. அங்கே மேகம் வந்தால் கன்ட்ரோலர் ஃப்ரீக்வென்சியைக் குறைக்கிறது, மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, தண்ணீர் கொஞ்சம் குறைவாக விழுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டில் டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் நிலையாக வேண்டும். கரண்ட் குறைந்துவிட்டது, கொஞ்சம் மெதுவாக ஓடு என்று டிவியிடம் சொல்ல முடியாது.

உங்கள் மெஷின் எந்த ஜாதி

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான மெஷின் விற்கிறார்கள், பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

முதலாவது, நம் ஊரில் நீண்ட நாளாக இருக்கும் சோலார் பிசியு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனமான பெட்டி, 12 அல்லது 24 அல்லது 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. இதன் மூளைக்கே கரண்ட் பேட்டரியிலிருந்துதான் போகிறது, ஆகவே பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலானவை கண்ணே திறக்காது. இந்த வகை உங்களிடம் இருந்தால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம், இரண்டு லெட் ஆசிட் பேட்டரியாவது வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, ஆஃப்கிரிட் ஹைப்ரிட். எடை குறைவு, சுவரில் மாட்டுவது, பேனல் பக்கம் 120 முதல் 450 வோல்ட் வரை வாங்கும், ஈபி உள்ளே வரும், ஆனால் ஈபிக்குத் திருப்பி அனுப்பாது. இதில் சில மாடல் பேட்டரி இல்லாமல் ஓடும், சில மாடல் ஓடாது. ஓடுகிறவற்றிலும் வித்தியாசம் உண்டு: சோலாரும் ஈபியும் ஒரே நேரத்தில் கலந்து கொடுப்பது ஒரு ரகம், சோலார் போதாவிட்டால் மொத்த வீட்டையும் ஈபிக்கு மாற்றிவிடுவது இன்னொரு ரகம். கடையில் கேட்க வேண்டியது "பேட்டரி இல்லாமல் ஓடுமா" என்பதை அல்ல. "பேட்டரி இல்லாதபோது 2 கிலோவாட் லோடுக்கு 1 கிலோவாட் சோலாரும் 1 கிலோவாட் ஈபியும் சேர்ந்து கொடுக்குமா" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து மேனுவலைப் படியுங்கள்.

மூன்றாவது, கிரிட்டோடு, அதாவது ஈபி லைனோடு, கைகோத்து ஓடும் ஹைப்ரிட். பேட்டரி இல்லாவிட்டால் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் போலவே வேலை செய்யும், மிச்சத்தை ஈபிக்கு அனுப்பும். பேட்டரி இல்லாத வீட்டுக்கு இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஏனென்றால் குறைவதை ஈடுகட்ட ஈபி பக்கத்திலேயே நிற்கிறது, மேகம் வந்து போனதுகூட வீட்டுக்குத் தெரியாது. ஒரே குறை, கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, ஈபி போன 2 நொடிக்குள் கிரிட்டுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது விதி. உச்சி வெயிலில் பேனல் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே விசிறி சுற்றாமல் விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருப்பது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். பேக்கப் என்று தனியாக ஒரு அவுட்புட் இருக்குமே என்றால், பேட்டரி இல்லாதவரை பெரும்பாலான மெஷின்களில் அது ஈபியை அப்படியே கடத்திவிடும் குழாய்தான்.

மீட்டர் விஷயத்தில் விளையாடாதீர்கள்

மூன்றாவது வகை மெஷினை நெட் மீட்டர் (வருவதையும் போவதையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர்) போடாமல் மாட்டினால் இரண்டு பிரச்சினை. மின்வாரியத்தின் அனுமதி இல்லாமல் லைனுக்குள் கரண்ட் தள்ளுவது தவறு, அது ஒன்று. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: சாதாரண டிஜிட்டல் மீட்டர்களில் பல, கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் செலவு என்றே கூட்டிக்கொள்ளும். நீங்கள் இலவசமாகக் கொடுத்ததற்கு நீங்களே பணம் கட்டுவீர்கள்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். கிரிட்டோடு இணைத்த அமைப்புக்குத்தான் அது, தனியாக ஓடும் ஆஃப்கிரிட்டுக்குக் கிடையாது. மானியம் வேண்டுமென்றால் நெட் மீட்டர் வழிதான், முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நெட் மீட்டர் வரும்வரை ஈபிக்கு ஒன்றும் அனுப்பாத ஜீரோ எக்ஸ்போர்ட் செட்டிங்கில் வைக்க வேண்டும், அதற்கு மெயின் வயரில் கரண்டை அளக்கும் சிடி என்கிற வளையத்தை மாட்ட வேண்டும். வளையத்தின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது மேனுவலில் சொன்ன திசையில் இல்லையென்றால் மெஷின் வாங்குவதைக் கொடுப்பதாகவும் கொடுப்பதை வாங்குவதாகவும் எடுத்துக்கொண்டு தலைகீழாக நடக்கும். சரிபார்க்க எளிய வழி: சோலாரை அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸைப் போடுங்கள், ஈபியிலிருந்து 1000 வாட் வாங்குகிறது என்று திரையில் வர வேண்டும். கழித்தல் குறியோடு வந்தால் வளையத்தைத் திருப்பி மாட்டுங்கள். மூன்று ஃபேஸ் வீடாக இருந்து இன்வெர்ட்டர் ஒரு ஃபேஸ் என்றால், வளையம் அதே ஃபேஸில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேனல்

வழக்கமான 540 வாட் பேனலுக்கு 25 டிகிரியில் ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (லோடு இல்லாதபோது இருப்பது) 49.5 வோல்ட் அளவில் இருக்கும், லோடில் 41.5. வெயில் ஏறினால் வோல்ட்டேஜ் குறையும், குளிர்ந்தால் கூடும், 1 டிகிரிக்கு ஏறத்தாழ 0.28 சதவீதம். உங்கள் மெஷினின் உச்ச வரம்பு 450 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 பேனலைத் தொடராக மாட்டினால் 445.5, வரம்புக்குள் இருக்கிறதே என்று தோன்றும். மார்கழி விடியலில் பேனல் 15 டிகிரிக்கு இறங்கினால் அது 458 ஆகிவிடும், மெஷின் போச்சு. இந்த மாதிரி எரிந்ததற்கு வாரண்டியும் எதிர்பார்க்க வேண்டாம். 8 என்றால் 407, நிம்மதி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்கள் இன்னும் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

குறைவாகப் போட்டாலும் வம்புதான். 3 பேனல் 124 வோல்ட் தருகிறது, 120-ல் மெஷின் எழும் என்று நினைப்போம். மத்தியானம் பேனல் 65 டிகிரி கொதிக்கும்போது அது 110 பக்கம் இறங்கிவிடும். பேட்டரி இல்லாத அமைப்பில் பேனல் தாராளமாக இருப்பது நல்லது, ஏனென்றால் லோடுக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கும் மிச்சம்தான் மெல்லிய மேகத்தைத் தாங்குகிறது. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும், எங்கள் 4.3 கிலோவாட் நல்ல நாளில் 17 யூனிட்டைத் தொடுகிறது.

வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

பேனல் பக்கம் டிசி எம்சிபி, சர்ஜ் பாதுகாப்பு, தனி எர்த், இதெல்லாம் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், நல்ல ஆள் செய்துவிடுவார். 400 வோல்ட் டிசியில் ஏசி எம்சிபியைப் போட விடாதீர்கள், அதில் டிசி தீப்பொறி அணையாது. நான் சொல்ல வந்தது பேட்டரி இல்லாததால் வருகிற மூன்று விஷயம்.

பேட்டரி முனைகளைத் திறந்து போடாதீர்கள். அங்கே ஒன்றும் மாட்டவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. பல மெஷின்களில் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாக அந்த முனையில் 50 வோல்ட் அளவில் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி மூடி போட்டு, மேலே டேப் சுற்றி, குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு முனையையும் ஒரு வயரால் சேர்த்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.

அடுத்தது நியூட்ரல். பழைய வீடுகளில் எல்லா நியூட்ரலையும் ஒரே லிங்க்கில் முறுக்கி வைத்திருப்பார்கள். இன்வெர்ட்டர் அவுட்புட்டின் நியூட்ரலை ஈபி நியூட்ரலோடு அப்படிக் கலந்தால் ஆர்சிசிபி (கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) விழும், சில நேரம் மெஷினே அடிவாங்கும். இன்வெர்ட்டரில் ஓடுகிற சர்க்யூட்டுகளின் ஃபேஸ் மட்டும் பிரித்தால் போதாது, நியூட்ரலும் தனி லிங்க்குக்கு வர வேண்டும். வயர்மேனுக்குப் பிடிக்காத வேலை இது, அரை நாள் கூடுதலாக ஆகும். பக்கத்திலேயே நின்று செய்ய வையுங்கள்.

மூன்றாவது, ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச். இன்வெர்ட்டர் கோளாறானால் ஒரே திருப்பில் வீடு நேராக ஈபிக்குப் போக வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டை போல் சுவிட்ச்சாக வாங்குங்கள். இதற்கு இன்னொரு பயனும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

செட்டிங்: என் வீடு அணைந்த கதை

டேய் என்று ஒரு சைனா கம்பெனி மெஷின் இருக்கிறது (யாரையும் கூப்பிடவில்லை, பெயரே அதுதான்), அதிலும் சோலிஸ் போன்றவற்றிலும் பேட்டரி மெனுவில் "நோ பேட்டரி" என்றே ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டு, நேரம் பிரித்து பேட்டரியை ஏற்றி இறக்கும் அட்டவணை ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆஃப்கிரிட் வகையில் அப்படித் தனித் தேர்வு இருக்காது. அதில் முதலில் பார்க்க வேண்டியது அவுட்புட் முன்னுரிமை, பெரும்பாலும் புரோகிராம் எண் 01. யூடிலிட்டி முதலில் என்றால் ஈபி இருக்கும்வரை சோலார் சும்மா கிடக்கும். எஸ்பியூ என்றால் சோலார், பிறகு பேட்டரி, கடைசியில்தான் ஈபி. எஸ்யூபி என்றால் சோலார், போதாததற்கு ஈபி, அப்புறம் பேட்டரி. எங்கள் வீட்டில் மாட்டிவிட்டுப் போனவர் பழக்கதோஷத்தில் எஸ்பியூ வைத்துவிட்டார். மேகம் வந்ததும் மெஷின் பேட்டரியைத் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை, விழுந்தது, பிறகு ஈபிக்குத் தாவியது, வெயில் வந்ததும் மறுபடி சோலாருக்கு வந்தது, அடுத்த மேகம். மூன்று தடவை அணைந்தது அதனால்தான். எஸ்யூபிக்கு மாற்றிய அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஈபி வோல்ட்டேஜ் வரம்பு. ஏபிஎல் என்றால் 90 முதல் 280 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும், யூபிஎஸ் என்றால் 170-க்குக் கீழே இறங்கியதும் ஈபியை உதறிவிடும். பேட்டரி இல்லாதபோது உதறினால் போய் நிற்க இடமில்லை, ஆகவே கிராமத்து லைனுக்கு ஏபிஎல். ஆனால் அப்போது குறைந்த வோல்ட்டேஜ் வீட்டுக்குள் அப்படியே வரும், ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசரைக் கழற்றிவிடாதீர்கள். பேட்டரி இல்லை என்ற எச்சரிக்கை திரையில் மின்னிக்கொண்டே இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பீப் சத்தம் மட்டும் மெனுவில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி வீட்டில் ஒருவரும் தூங்க முடியாது.

முதல் முறை போடும்போது

லோடு எல்லாம் ஆஃப். முதலில் ஈபி மட்டும் கொடுங்கள், திரை எழட்டும், செட்டிங்கை முடியுங்கள். அப்புறம் டிசி எம்சிபியைப் போட்டால் பேனல் வோல்ட்டேஜ் தெரியும், நீங்கள் கணக்குப் போட்டதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேனல் அளவுக்குக் குறைந்தால் எங்கோ கனெக்டர் சரியாக மாட்டவில்லை. அதன் பிறகு விசிறி, விளக்கு, ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கடைசிச் சோதனைக்கு மிக்ஸி: பல்ஸ் பட்டனை விட்டு விட்டு ஐந்தாறு தடவை அழுத்துங்கள், விளக்கு லேசாகத் துடித்தால் பரவாயில்லை, அணைந்தால் சோலாரும் ஈபியும் கலக்கவில்லை என்று பொருள், 01-க்குத் திரும்பிப் போங்கள். நிறுத்தும்போது லோடு, டிசி, ஈபி என்ற வரிசையில் நிறுத்தி, மூடியைத் திறப்பதற்கு முன் கெபாசிட்டர் இறங்க ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் விடுங்கள். பேனல் கனெக்டரை ஓடுகிறபோது பிடுங்கவே கூடாது.

ஈபி இல்லாத நேரம்

ஆஃப்கிரிட் வகையில் சில மாடல்கள் ஈபி போன பிறகும் வெறும் வெயிலிலேயே ஓடும். இதைப் பார்த்துத்தான் பேட்டரியே வேண்டாம் என்று முடிவுகட்டுகிறார்கள். காலை 10 முதல் 2 வரை, தெளிந்த வானம், பேனல் அந்த நேரத்தில் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்குள் லோடு: இப்படி வைத்தால் விசிறி, விளக்கு, டிவி, லேப்டாப், இன்வெர்ட்டர் ஏசிகூட ஓடும். மோட்டாரை மட்டும் போடாதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் எழும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 5 கிலோவாட் மெஷின் 10 தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது பேட்டரி இருந்தால், இங்கே பேனல் தருவதுதான் எல்லாமே. ஃப்ரிட்ஜும் நின்று நின்று ஓடினால் கம்ப்ரசருக்குக் கெடுதல், மூன்று நிமிஷம் தாமதித்துப் போடும் ஸ்டெபிலைசர் இருந்தால் கவலை குறையும்.

எங்கள் வீட்டில் நிஜமாகக் கைகொடுத்தது பழைய 850 விஏ இன்வெர்ட்டர்தான், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியோடு ஏற்கெனவே இருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் ஹைப்ரிட்டின் அவுட்புட்டுக்குப் பின்னால் மாட்டினோம். பகலில் பெரும்பாலும் சோலார் கரண்டிலேயே அது சார்ஜ் ஆகிக்கொள்கிறது, ஹைப்ரிட் விழுந்தால் விசிறியையும் விளக்கையும் அது பிடித்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: அதன் அவுட்புட் எந்த வழியிலும் ஹைப்ரிட்டின் உள்ளே திரும்பிப் போகக் கூடாது.

மெஷினை ஏமாற்ற 7 ஆம்பியர்-ஹவர் சிறு பேட்டரி நான்கை 48 வோல்ட்டாகக் கோத்து மாட்டுகிறவர்களும் உண்டு. மேகம் கடக்கும் சில நொடிக்கு அது தாங்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் பல மெஷின்களில் சார்ஜ் கரண்ட்டை 10 ஆம்பியருக்குக் கீழே இறக்க முடியாது, 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு அது மிக அதிகம், சூடேறி உப்பிவிடும். வீட்டுக்குள் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ராத்திரியில் தின்னும் கரண்ட்

இது யாரும் சொல்வதில்லை. லோடே இல்லாவிட்டாலும் இந்த அளவு மெஷின் தனக்கென்று ஏறத்தாழ 50 வாட் எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க என்றால் 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். பகலில் சோலார் கொடுத்துவிடுகிறது, ராத்திரி ஈபியிலிருந்து போகிறது. பேட்டரி இல்லாதபோது ராத்திரி அந்த மெஷினுக்கு ஒரு வேலையும் கிடையாது, ஆகவே மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் சேஞ்ச்ஓவரை ஈபிக்குத் திருப்பி மெஷினை அணைத்துவிடுகிறோம், காலையில் 8 மணிக்குத் திரும்பப் போடுகிறோம். நெட் மீட்டர் வகையில் இதற்கு அவசியம் குறைவு, மேனுவலில் காத்திருப்பு நேரத்துச் செலவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈபிக்குத் திருப்பும்போது பழைய 850 விஏ இன்வெர்ட்டரும் ஈபியில் இருக்கும்படி சேஞ்ச்ஓவருக்குப் பின்னால் வர வேண்டும், நாங்கள் முதலில் மாற்றி மாட்டிவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அதன் பேட்டரியைக் காலி செய்தோம்.

துணி துவைப்பது, மாவாட்டுவது, டேங்க் ஏற்றுவது, அயர்ன் எல்லாம் 10 மணிக்கு மேல் 3 மணிக்குள். சோலார் தருவதை அப்போதைக்கப்போது செலவழித்தால்தான் உண்டு, ஜீரோ எக்ஸ்போர்ட்டில் மிச்சம் எங்கேயும் சேராது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் இதில் நல்ல லாபம், மேல் ஸ்லாப் யூனிட்டுகள்தான் முதலில் குறையும். 200 யூனிட் பில் கட்டுகிற வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று எனக்கே தோன்றும்.

பிறகு பேட்டரி வாங்கும் நாளில், மெஷின் கேட்கும் வோல்ட்டேஜும், பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் மெஷினோடு பேசும் முறையும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள், 48 வோல்ட் மெஷினுக்கு ஹை வோல்ட்டேஜ் பேட்டரி ஆகாது. மாட்டும் அன்றைக்கு ஈபி, டிசி இரண்டையும் அணைத்து, முனை மூடியைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஃப்யூஸோடு கேபிளை இறுக்குங்கள். பேட்டரி வகை, சார்ஜ் கரண்ட் இரண்டையும் மாற்றிய பிறகுதான் 01-ஐ எஸ்பியூவுக்குத் திருப்ப வேண்டும்.